பைலட் சீட்டும் கிளீனர் சீட்டும்

இடஒதுக்கீடு பத்தி எங்க பேச்சு ஆரம்பிச்சாலும் பத்தாவது நிமிஷத்துல ஒருத்தர் இந்தக் கேள்வியைக் கேட்டுடுவார். "ஏனுங்க, கோட்டாவுல வந்த பைலட் ஓட்டுற ஏரோப்ளேன்ல நீங்க ஏறுவீங்களா?" கேட்டுட்டு, ஆட்டம் முடிஞ்சுதுங்கிற மாதிரி ஒரு சிரிப்பு வேற. டாக்டர் உதாரணம் பழசாயிடுச்சு, இப்போ பைலட் உதாரணம்தான் ஃபேஷன் :-)

2006-ல உயர்கல்வியில பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம்னு அறிவிப்பு வந்தப்போ வலைப்பதிவுகள்ல நடந்த குடுமிப்பிடி சண்டை பழைய பதிவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்பவே இந்தக் கேள்வியை எத்தனையோ தடவை படிச்சாச்சு. 2025 ஜனவரியில வாஷிங்டன் பக்கத்துல பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தாங்க. மறுநாளே அமெரிக்க அதிபர் டிரம்ப், விமானத்துறையில எல்லாத் தரப்பு ஆட்களையும் எடுக்கணும்ங்கிற கொள்கை மேல பழியைப் போட்டார். விசாரணை சரியா தொடங்கக்கூட இல்லை. அதாவது இந்தக் கேள்வி எடப்பாடி டீக்கடையிலயும் கேக்குது, வெள்ளை மாளிகையிலயும் கேக்குது.

சரி, விமானம் ஓட்டுறவங்க எங்கிருந்து வந்தாங்க, எப்படி வந்தாங்கன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கலாம்னு தோணுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

முதல்ல லாரி

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு விமானத்தைவிட லாரி நல்லாத் தெரியும். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடுன்னு சுத்திலும் லாரியும் ரிக் வண்டியும்தான். இங்க ஒருத்தன் டிரைவர் ஆகிறது எப்படி? முதல்ல கிளீனரா ஏறுவான். தார்ப்பாய் கட்டுவான், டயரைத் தட்டிப் பார்ப்பான், மேட்டுல வண்டி நின்னா சக்கரத்துக்குக் கட்டை போடுவான். ரெண்டு மூணு வருஷம் பக்கத்துல உக்காந்து பார்த்துப் பார்த்தே கை பழகிடும். அப்புறம் லைசென்ஸ். இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, கத்துக்கிறதுக்கு அவன் காசு கொடுக்கலை. சோறும் படியும் அவனுக்குக் கொடுத்தாங்க. டீசல் முதலாளியோடது, வண்டியும் முதலாளியோடது. பூமியில்லாத வீட்டுப் பையன் கிளீனரா ஏறி, பத்துப் பதினைஞ்சு வருஷத்துல சொந்த வண்டி வாங்கின கதை இந்த வட்டாரத்துல தெருவுக்கு ஒண்ணு இருக்கும்.

விமானத்துல கிளீனர் சீட்டு கிடையாது. கத்துக்கிறவர்தான் மணிக்கணக்குக்குக் காசு கட்டணும். வணிக விமானி உரிமத்துக்கு, அதாவது கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு, நம்ம நாட்டுல 200 மணி நேரம் பறந்திருக்கணும். அந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெட்ரோல், விமான வாடகை, சொல்லிக்கொடுக்கிறவர் சம்பளம் எல்லாம் யாரோ ஒருத்தர் கட்டியாகணும்.

அந்த யாரோ ஒருத்தர் யாருங்கிறதுதான் விமானிகளோட மொத்த வரலாறும்னு எனக்குப் படுது. தகுதி, திறமைங்கிற பேச்செல்லாம் அதுக்கு அப்புறம்தான் வருது.

சீமான் வீட்டுப் பிள்ளைகள் காலம்

இந்தியாவுல விமானி உரிமம் நம்பர் ஒண்ணு ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு. 1929 பிப்ரவரி 10. டில்லி, பம்பாய், கல்கத்தா, கராச்சின்னு ஃப்ளையிங் கிளப்புகள் 1928 வாக்குல ஆரம்பிச்சு, கொஞ்ச நாள்லயே மெட்ராஸுக்கும் வந்தது. இதுல கவனிக்க வேண்டிய சங்கதி, அந்தக் கிளப்புகளுக்கு அப்பவே அரசாங்க மானியம் இருந்தது. சீமான் வீட்டுப் பிள்ளைகள் பறந்தாங்க, செலவுல ஒரு பங்கு கஜானாவுல இருந்து போச்சு. அதை அன்னைக்கு யாரும் சலுகைன்னு சொல்லலை!

பெண்களும் அந்த வாசல் வழியாத்தான் வந்தாங்க. 1932-ல ஊர்மிளா பரிக் உரிமம் வாங்கினார். 1936-ல லாகூர்ல 21 வயசு சரளா தக்ரால் சேலை கட்டிக்கிட்டு ஜிப்ஸி மாத் விமானத்துல தனியா பறந்தார். அவரைக் கட்டிக்கொடுத்தது விமானிகள் இருந்த குடும்பத்துல. கணவரே விமானி. 1939-ல கணவர் விபத்துல இறந்தார். சரளா வணிக உரிமத்துக்கு ஜோத்பூர்ல படிக்கப் போனார். உலகப்போர் வந்து பயிற்சி நின்னது, அவர் ஓவியம், துணி வடிவமைப்புன்னு வேற பக்கம் போயிட்டார்.

நம்ம ஊர்ப் பக்கம் உஷா சுந்தரம். இவரைப் பத்தி தமிழ்ல யாரும் அதிகம் எழுதலைங்கிறது என்னோட மனக்குறை. கணவர் கேப்டன் வி. சுந்தரம் மைசூர் மகாராஜாவோட விமானி. பெங்களூர் ஜக்கூர்ல 1948-ல அரசு விமானப் பயிற்சிப் பள்ளி வந்தது. அங்க பயிற்சி முடிச்சு 1949-ல வெளிய வந்தவர் உஷா. மகாராஜாவோட டகோட்டா விமானத்துல கணவரும் மனைவியும் சேர்ந்து ஓட்டினாங்க. 1950-ல லண்டன்ல இருந்து பம்பாய்க்கு ஒரு டவ் விமானத்தை 27 மணி நேரத்துல கொண்டுவந்து சேர்த்து சாதனை பண்ணினாங்க. பின்னால 1959-ல மெட்ராஸ்ல ப்ளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினதும் இதே தம்பதிதான். தெருநாய்க்கு அடிபட்டா நாம ஃபோன் பண்றோமே, அதே ப்ளூ கிராஸ்!

உஷாவோட திறமையை நான் ஒரு துளி குறைச்சுச் சொல்லலை. ஆனா அந்தத் திறமை வெளிய வர்றதுக்கு ஒரு அரசுப் பள்ளியும், வீட்டுலயே ஒரு விமானியும் தேவைப்பட்டாங்க. அதே காலத்துல அதே திறமையோட எடப்பாடியில தறிக்குழியில காலை விட்டுட்டு ஒரு பொண்ணு உக்காந்திருந்திருக்கலாம் இல்லையா? அந்தப் பொண்ணோட பேரு எந்த வரலாற்றுலயும் இருக்காது.

"பயணிகள் பயப்படுவாங்க"

உரிமம் வாங்கினா மட்டும் வேலை கிடைச்சுடுமா? பிரேம் மாத்தூர் கதையைக் கேளுங்க. அலகாபாத்ல பயிற்சி, 1947-ல வணிக உரிமம். எட்டு விமானக் கம்பெனிகள் அவருக்கு வேலை இல்லைன்னு சொன்னது. பொம்பளை ஓட்டுறான்னு தெரிஞ்சா பயணிகள் ஏற மாட்டாங்களாம். 1949-ல கல்கத்தாவுல நடந்த தேசிய விமானப் பந்தயத்துல ஜெயிச்சார். கடைசியில ஹைதராபாத் டெக்கான் ஏர்வேஸ்தான் வேலை கொடுத்தது. அங்கயும் துணை விமானி இருக்கையோட நிறுத்திட்டாங்க, கேப்டன் இருக்கை தரலை.

துர்பா பானர்ஜி கதை இன்னும் மோசம். விமானி ஆகணும்னு மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீரைப் போய்ப் பார்த்தார். அமைச்சர் தயங்கி, விமானப் பணிப்பெண் வேலை வேணும்னா தர்றேன்னாராம். படிச்ச மனுஷன், எழுத்தாளர் வேற! துர்பா விடலை. 1966-ல இந்தியன் ஏர்லைன்ஸோட முதல் பெண் விமானி ஆனார். 1988-ல ஓய்வு பெறும்போது பதினெட்டாயிரம் மணி நேரத்துக்கு மேல பறந்திருந்தார். 1985-ல சௌதாமினி தேஷ்முக்கும் நிவேதிதா பாசினும் பெண்களே ஓட்டின விமானத்தைக் கல்கத்தாவுல இருந்து சில்சார் கொண்டுபோனாங்க. 1990-ல நிவேதிதா 26 வயசுல ஜெட் விமானக் கேப்டன்.

அமெரிக்காவுலயும் இதே கதைதான், நிறம் மட்டும் வேற. பெஸ்ஸி கோல்மன்ங்கிற கருப்பினப் பெண்ணுக்கு அங்க எந்தப் பள்ளியும் சொல்லித்தரலை. பிரான்ஸ் போய் 1921-ல உரிமம் வாங்கினார். 1941-ல டஸ்கீகில ராணுவம் கருப்பின விமானிகளைப் பயிற்றுவிக்க ஆரம்பிச்சு, கிட்டத்தட்ட ஆயிரம் பேர் வெளிய வந்தாங்க. போர்ல சண்டை போட்டாங்க. போர் முடிஞ்சதும் விமானக் கம்பெனிக் கதவெல்லாம் அவங்களுக்குச் சாத்தித்தான் இருந்தது.

1957-ல மார்லன் கிரீன்ங்கிற விமானப்படை விமானி கான்டினென்டல் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டார். இனம் என்னன்னு கேட்ட கட்டத்தைக் காலியா விட்டார், ஃபோட்டோவும் வைக்கலை. கூப்பிட்டாங்க. ஓட்டிக் காட்டினார். நேர்ல நிறத்தைப் பார்த்துட்டு, அவரைவிடக் குறைவான அனுபவம் உள்ள வெள்ளையர்களை எடுத்துக்கிட்டாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1963-ல அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 1965-லதான் வேலைக்குச் சேர முடிஞ்சது. அந்தக் கம்பெனி 2010-ல ஒரு போயிங் விமானத்துக்கு அவர் பேரையே வச்சது. அதைப் பார்க்க அவர் உயிரோட இல்லை.

இந்தக் கதைகள் எதுலயும் தகுதி குறைஞ்சவங்க உள்ள வந்துடலை. தகுதி கூடினவங்களைத்தான் வெளிய நிறுத்தி வச்சிருக்காங்க. "திறமைக்கு மட்டும்தான் இடம்"ங்கிற ஒரு பொற்காலம் இருந்ததாவும், கோட்டா வந்து அதைக் கெடுத்துட்டதாவும் பேசுறாங்களே, அந்தப் பொற்காலம் எந்த வருஷம்னு யாராவது சொன்னாத் தேவலை.

நம்ம கோட்டா எப்படி வேலை செஞ்சது?

1953-ல விமானக் கம்பெனிகளை நாட்டுடைமை ஆக்கினாங்க. எட்டு கம்பெனி சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆச்சு, வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா. அரசு நிறுவனம்ங்கிறதால இடஒதுக்கீடு விதி பின்னால இங்கயும் வந்தது. ஏர் இந்தியா பைலட் விளம்பரங்கள்ல எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. இடங்கள் தனித்தனியாப் போட்டிருக்கும். ஆனா விண்ணப்பம் போடவே கையில வணிக உரிமம் இருக்கணும். அந்த உரிமத்துக்கு ஆகுற செலவை நினைச்சுப் பாருங்க. கடைசிப் படிக்கட்டுல கோட்டா வச்சுட்டு, முதல் பத்துப் படிக்கட்டைக் காசுக்காரனுக்கு விட்டா மேல யார் வந்து நிப்பாங்க?

அடுத்தது பயிற்சி. 1985-ல உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்ச்ல இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி ஆரம்பிச்சாங்க. மத்திய அரசோடது. நுழைவுத் தேர்வு உண்டு, இடஒதுக்கீடும் உண்டு. ப்ளஸ் டூவுல ஆங்கிலம், இயற்பியல், கணிதத்துல பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம் வேணும், ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 45 போதும். அந்த அஞ்சு சதவீதத்தை வச்சுத்தான் இவ்வளவு கூச்சல்!

அந்த அஞ்சு சதவீதம் ப்ளஸ் டூ வாசல்ல மட்டும்தான். உள்ள போனதுக்கு அப்புறம் வானிலை, விமான வழியியல், விதிமுறை, தொழில்நுட்பம்னு டி.ஜி.சி.ஏ. நடத்துற ஒவ்வொரு தாள்லயும் எல்லாருக்கும் 70 மார்க்தான். எந்தப் பிரிவுக்கும் தள்ளுபடி கிடையாது. 200 மணி நேரத்துல அஞ்சு மணி குறைச்சும் தர மாட்டாங்க. மெடிக்கல் ஒண்ணுதான். வேலையில சேர்ந்த பின்னாலயும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சிமுலேட்டர்ல உக்கார வச்சு, எஞ்சினை அணைச்சுவிட்டு "இறக்குடா பார்ப்போம்"னு பரீட்சை வைப்பாங்க. சிமுலேட்டருக்கு சாதி தெரியாது.

அதனால "கோட்டா பைலட் விமானத்துல ஏறுவியா?"ங்கிற கேள்விக்கு என் பதில் சுலபம். ஏறுவேன். அவர் அடிச்ச பரீட்சையும் மத்தவர் அடிச்ச பரீட்சையும் ஒண்ணுதான்.

கோட்டா இருக்கு, காசு?

எங்க தெருவுல ஒரு பொண்ணு. நாலு விசைத்தறியில கூலிக்கு ஓட்டுற வீடு. ப்ளஸ் டூவுல இயற்பியல், கணிதம் ரெண்டுலயும் நல்ல மார்க். பைலட் ஆகணும்னு ஆசை. வீட்டுக்கு வந்து, "அண்ணா, நமக்கு இதுல கோட்டா கிடையாதா?"ன்னு கேட்டுச்சு. "கோட்டா இருக்கும்மா, காசுதான் இல்லை"ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

கணக்கு இதுதான். ஃபர்சத்கஞ்ச் அகாடமி கட்டணமே 45 லட்சம் பக்கம். சாப்பாடு, தங்குறது, வரி தனி. உரிமம் வாங்கின பின்னால ஏர்பஸ்ஸோ போயிங்கோ ஓட்டத் தனிப் பயிற்சி, அதுக்குப் பல லட்சம். கல்விக்கடன் பொதுவா ஏழரை லட்சத்தைத் தாண்டினா ஈடு கேப்பாங்க. நாலு தறியையும் வித்துட்டு வீட்டையும் எழுதிக் கொடுத்தாலும் எடப்பாடியில 45 லட்சம் தேறாது. எஸ்.சி. மாணவர்களுக்கு மத்திய அரசோட உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டத்துல பைலட் பயிற்சியும் உண்டு. தனியார் ஃப்ளையிங் கிளப்புக்கு வருஷத்துக்கு 3.72 லட்சம்னு அதுல உச்சவரம்பு வச்சிருந்தாங்க. 200 மணி நேரத்துல எத்தனை மணிக்கு அது காணும்னு நீங்களே வகுத்துக்கோங்க. இந்தப் பொண்ணு எஸ்.சி. இல்லைங்கிறதால அதுவும் கிடையாது.

பொண்ணு இப்போ பி.எஸ்.சி. இயற்பியல் படிக்குது. நல்லாத்தான் படிக்குது. ஆனா மேல விமானச் சத்தம் கேட்டா தறியை நிறுத்திட்டு வெளிய வந்து பார்க்கும்னு அவங்க அம்மா சொன்னாங்க.

2019-ல ஒடிசா மல்கன்கிரியில இருந்து அனுப்பிரியா லக்ராங்கிற பழங்குடிப் பெண் துணை விமானி ஆனாங்க. அப்பா சாதாரண போலீஸ்காரர், கடன உடன வாங்கித்தான் படிக்க வச்சார். நாடே கொண்டாடிச்சு. கொண்டாட வேண்டியதுதான். ஆனா ஒருத்தர் வந்ததே தேசியச் செய்தி ஆகுதுன்னா, அந்த வாசல் எவ்வளவு குறுகல்னு பார்த்துக்கோங்க.

எதிர்த்தரப்பு சொல்றதுலயும் நியாயம் இருக்கு

ஒருதலைப்பட்சமா எழுதுறேன்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க. "பாதுகாப்புல சமரசம் கூடாது"ங்கிறது நூத்துக்கு நூறு சரி. பின்னாடி 180 பேர் உக்காந்திருக்காங்க. "இத்தனை சதவீதம் காட்டணும்"னு ஒரு கம்பெனி அவசரப்பட்டா, சரியாப் பயிற்சி தராம ஆளை ஏத்திவிடுற ஆபத்தும் இருக்கு. இன்னொண்ணு, இலக்கு வச்ச உடனே, சொந்த உழைப்புல வந்த பெண்ணையும் "இவங்க அந்த லிஸ்ட்ல வந்தவங்களோ"ன்னு சந்தேகமாப் பார்ப்பாங்க. அந்த வலி நிஜம்.

ஆனா பாதுகாப்புக்கு நம்ம நாட்டுல நிஜமா ஆபத்து வந்த கதையையும் பாருங்க. 2011-ல போலி மார்க் ஷீட் கொடுத்து உரிமம் வாங்கின விமானிகள் பிடிபட்டாங்க. ஒரு விமானம் கோவாவுல மூக்குச் சக்கரம் முதல்ல படுற மாதிரி இறங்கினதைத் துருவப் போய்த்தான் அந்தப் பூதம் கிளம்பிச்சு. அப்புறம், பறக்காத மணி நேரத்தைப் பறந்ததா எழுதிக்கொடுத்த பயிற்சிக் கூடங்களும் வெளிய வந்தது. புரோக்கர்களைக் கைது பண்ணினாங்க. அங்க வித்தது மார்க்கும் மணி நேரமும். காசு இருந்தவங்க வாங்கினாங்க. தகுதியைப் பத்திக் கவலைப்படுறவங்க அன்னைக்கு இதுக்குத்தான் சத்தம் போட்டிருக்கணும்.

இன்னைக்கு நிலைமை

ஒரு நல்ல சேதியும் இருக்கு. உலகத்துலயே பெண் விமானிகள் விகிதம் அதிகம் உள்ள நாடுகள்ல நாமதான் முன்னணி. சர்வதேசப் பெண் விமானிகள் சங்கம் கொடுத்த கணக்குல இந்தியா 12.4 சதவீதம், அமெரிக்கா 5.5, இங்கிலாந்து 4.7. 2022-ல நம்ம விமானத்துறை அமைச்சர் 15 சதவீதம்னு சொன்னார். இதுக்குக் கோட்டா காரணம் இல்லை. என்.சி.சி. விமானப் பிரிவு 1948-ல இருந்து ஓசியில பறக்கவிட்டது, சில மாநிலங்கள் கட்டணத்துல உதவினது, ராத்திரி வேலைன்னா வீட்டு வாசல் வரை வண்டி, பேறுகால விடுப்பு. இப்படிச் சின்னச் சின்னதா பல கதவு திறந்தது. 2024-ல டி.ஜி.சி.ஏ., விமானத்துறை வேலைகள்ல பெண்கள் 25 சதவீதம் ஆகணும்னு ஒரு இலக்கும் வச்சது.

அமெரிக்காவுல யுனைடெட் கம்பெனி 2021-ல சொந்தப் பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சு, 2030-க்குள்ள 5,000 பேர், அதுல பாதி பெண்களும் வெள்ளையர் அல்லாதவங்களும்னு அறிவிச்சது. உதவித்தொகைக்கும் பணம் ஒதுக்கினது. அங்க சண்டை நடந்தது முழுக்க அந்தப் "பாதி"ங்கிற வார்த்தை மேல. எனக்கு முக்கியமாப் பட்டது அந்த உதவித்தொகைதான்.

நம்ம ஊர்ல நடந்தது நேர்மாறு. 2022 ஜனவரியில ஏர் இந்தியா டாட்டா கைக்குத் திரும்பிப் போச்சு. அதோட அரசு விமானக் கம்பெனியோட இடஒதுக்கீட்டு வாசலும் மூடிருச்சு. தனியார் கம்பெனிகள் பெண் விமானி எத்தனை பேர்னு பெருமையா விளம்பரம் போடுறாங்க, சந்தோஷம். தறிக்காரர் வீட்டுல இருந்து எத்தனை பேர், சேரியில இருந்து எத்தனை பேர்னு அந்த விளம்பரத்துல ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை.

இதுல ஒரு வேடிக்கை. 2022-ல விமான நிலைய ஆணையம் புதுசா பயிற்சிப் பள்ளிகள் அமைக்க அஞ்சு விமான நிலையங்களைத் தேர்ந்தெடுத்தது. பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கர், அப்புறம் நம்ம சேலம்! அதே காமலாபுரம் விமான நிலையம்தான். 1993-ல திறந்து, விமானம் வர்றதும் நிக்கிறதுமா இருந்து, 2023-ல மறுபடி சேவை தொடங்கினது. எடப்பாடியில இருந்து தாரமங்கலம், ஓமலூர் வழியாப் போனா ஒரு மணி நேரம். டவுன் பஸ்ஸுலயே போயிடலாம்.

பயிற்சிப் பள்ளி பஸ் போற தூரத்துல வந்தாச்சு. 200 மணி நேரத்துக்கான காசு மட்டும் வரலை. அரசாங்கமோ கம்பெனியோ அதைக் கட்டிட்டு, வேலைக்கு வந்த பின்னால சம்பளத்துல பிடிச்சுக்கட்டும். பரீட்சையைக் கடுமையா வைங்க, 70-ஐ 80 ஆக்குங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா லாரியில இருக்கிற கிளீனர் சீட்டு மாதிரி ஒண்ணு விமானத்துலயும் வேணும். அது வந்தாத்தான் யார் திறமைசாலின்னு நமக்கே தெரியும். அது வரைக்கும் நாம பார்க்கிறது, காசு கட்ட முடிஞ்சவங்களுக்குள்ள யார் திறமைசாலிங்கிறதை மட்டும்தான்.

உங்க கருத்து என்ன? எதிர்க்கருத்து இருந்தாலும் தாராளமா வெளுத்து வாங்குங்க, ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க :-)

டிஸ்கி: நான் இதுவரை விமானத்துல போனது மூணே தடவை. மூணு தடவையும் ஓட்டினவங்க என்ன சாதின்னு கேக்கலை. நல்லபடியா இறக்கினாங்க, கும்பிட்டுட்டு வந்துட்டேன்.